வலியறிதலும் ஸ்வாட் பகுப்பாய்வும்: திருக்குறள் – மேலாண்மை ஒப்பாய்வுகளின் முறையியல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

திருக்குறளின் பொருட்பாலை நவீன மேலாண்மைக் கோட்பாடுகளோடு ஒப்பிடும் கட்டுரைகள் தமிழாய்வுலகில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. அவற்றுள், வலியறிதல் அதிகாரம் ஸ்வாட் பகுப்பாய்வின் முன்னோடி என்னும் கருத்து பெருவழக்காக உள்ளது. இவ்வொப்பீடு குறளின் பொருளமைதிக்கும் உத்திசார் மேலாண்மைத் துறையின் இன்றைய நிலைக்கும் பொருந்துகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கோடாக், ஃபியூஜிஃபிலிம், நோக்கியா ஆகிய நிறுவனங்கள் தொழில்நுட்ப மாற்றத்தை எதிர்கொண்ட வரலாறு இதற்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது. குறள் ஒளிதரும் இடங்களையும் தராத இடங்களையும் பிரித்துக் காட்டுவதே ஒப்பாய்வின் கடமை என்பதும், அதற்குத் தனிக்குறள்களைத் திரட்டுவதைவிட அரசியல் அதிகாரங்களை ஒருங்குவைத்துப் படிப்பதே ஏற்றது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: திருக்குறள், வலியறிதல், உத்திசார் மேலாண்மை, ஸ்வாட், தொழில்நுட்ப மாற்றம், ஒப்பாய்வு முறையியல்

1. முன்னுரை

உத்தி என்னும் சொல் தொல்காப்பிய மரபியலிலும் நன்னூற் பாயிரத்திலும் நூல் யாக்கும் முறைகளைக் குறித்து வழங்கியது. இன்று அதே சொல் ஒரு நிறுவனம் தன் நெடுங்கால இலக்கை வகுத்து, அதற்கேற்ப வளங்களைப் பங்கிட்டுச் செயற்படும் நெறியைக் குறிக்கிறது. சொற்கள் இவ்வாறு இடம்பெயர்வது மொழியின் இயல்பு. ஆனால் சொல் இடம்பெயரும்போது கருத்தும் மாறாமல் உடன்வந்துவிட்டது எனக் கொள்வது ஆய்வில் பெரும் மயக்கத்தை விளைவிக்கும். திருக்குறளையும் மேலாண்மையியலையும் ஒப்பிடும் கட்டுரைகள் பலவற்றில் இம்மயக்கம் காணப்படுகிறது.

தமிழ்த்துறைகளிலும் மேலாண்மைத் துறைகளிலும் இப்பொருள் பற்றி ஆய்வேடுகளும் கருத்தரங்கக் கட்டுரைகளும் தொடர்ந்து எழுதப்பட்டு வருகின்றன. அறநூலாக மட்டும் கற்பிக்கப்பட்ட குறளைச் செயலியல் நூலாகவும் படிக்கலாம் என்று காட்டியது இவ்வகை ஆய்வுகளின் பங்களிப்பு. பொருட்பாலின் மீது மாணவர்களின் கவனம் திரும்பியதற்கும் இவை ஒரு காரணம். எனினும், இவற்றின் முறையியல் இன்றுவரை போதிய அளவில் திறனாய்வுக்கு உட்படுத்தப்படவில்லை. இக்கட்டுரை தனியொருவரின் ஆய்வைச் சுட்டிக் குறைகூற முற்படவில்லை. அவ்வகையின் பொதுப்பண்பையே எடுத்துக்கொள்கிறது.

2. ஒப்பீட்டின் வழக்கமான வடிவம்

இவ்வகைக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் செல்கின்றன. முதலில் குறளின் உலகப் பொதுமை எடுத்துரைக்கப்படும். அடுத்து மேலாண்மை என்பதற்கு ஓரிரு மேனாட்டு அறிஞர்களின் வரையறைகள் தரப்படும். பின்னர் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பணியாளர் தேர்வு, கட்டுப்பாடு எனத் தலைப்புகள் வகுத்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு அல்லது மூன்று குறள்கள் அடுக்கப்படும். மேலாண்மையியல் இன்று சொல்வதை வள்ளுவர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார் என்னும் முடிவோடு கட்டுரை நிறைவுறும்.

இவ்வமைப்பில் மூன்று குறைபாடுகள் உள்ளன. ஒன்று, முடிவு தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. பொருந்தும் குறள்கள் மட்டுமே தேடப்படுவதால் பொருந்தாதவை கட்டுரைக்குள் வருவதில்லை. எனவே அம்முடிவைச் சோதிக்க வழியில்லை. இரண்டு, மேலாண்மைக் கோட்பாடு ஐயத்திற்கு இடமில்லாத உண்மையாகவும், குறள் அதற்குச் சான்றளிக்கும் நூலாகவும் வைக்கப்படுகின்றன. குறளைப் போற்றும் நோக்கில் எழுதப்படும் கட்டுரை, உண்மையில் குறளை ஒரு பாடநூலின் மேற்கோள் நிலைக்கு இறக்குகிறது. மூன்று, பொருட்பாலில் பேசப்படும் அரசன் எவ்வித விளக்கமும் இன்றி நிறுவனத் தலைவராக மாற்றப்படுகிறான். அரசனுக்கு எதிரே நின்ற குடிகள் இம்மாற்றத்தில் யாராகிறார்கள் என்னும் வினா எழுப்பப்படுவதே இல்லை.

3. நான்கும் நான்கும்

வலியறிதல் (அதிகாரம் 48) பற்றிய ஒப்பீடு இம்மூன்று குறைகளுக்கும் தக்க எடுத்துக்காட்டு. அவ்வதிகாரத்தின் முதற்குறள் நால்வகை வலியைச் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்கிறது: மேற்கொள்ளும் செயலின் வலி, செய்வோனது வலி, எதிர்ப்போனது வலி, இருதிறத்தார்க்கும் துணையாவோரது வலி. ஸ்வாட் பகுப்பாய்வும் நான்கு கூறுகளைக் கொண்டது: வலிமை, வலுவின்மை, வாய்ப்பு, அச்சுறுத்தல். எண்ணிக்கை ஒத்திருப்பதே ஒப்பீட்டிற்கு முதற்காரணமாக அமைந்துவிட்டது.

கூறுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஸ்வாட்டின் முதலிரு கூறுகள் நிறுவனத்தின் அகநிலை பற்றியவை. அடுத்த இரண்டு புறச்சூழல் பற்றியவை. குறளில் இந்த அக, புறப் பகுப்பு இல்லை. வலுவின்மைக்குத் தனிக்கூறு இல்லை. வாய்ப்பு, காலமறிதல் என்னும் அடுத்த அதிகாரத்தில் பேசப்படுகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, குறள் முதலில் வைக்கும் செயலின் வலிக்கு ஸ்வாட்டில் இடமே இல்லை. ஒரு செயல் தன்னளவில் எவ்வளவு ஆற்றலை வேண்டி நிற்கிறது என்பது அதன் பொருள். செய்வோனது ஆற்றல் பெரிதா சிறிதா என்பது அச்செயலை நோக்கியே தீர்மானிக்கப்படும். செயலைச் சுட்டாமல் வலியைப் பட்டியலிட முடியாது. ஸ்வாட் அட்டவணையிலோ, எந்தச் செயலுக்காக என்று குறிப்பிடாமலே வலிமைகளை எழுதிவிடலாம்.

பரிமேலழகர் வினைவலியை அரணை முற்றுகையிடல், கைக்கொள்ளல் முதலிய தொழில்களை வைத்து ஆராய வேண்டும் என்று விளக்குகிறார். அவர் உரையில் இவ்வதிகாரம் மேற்செல்லக் கருதும் வேந்தனுக்குரிய ஆராய்ச்சியாக நிற்கிறது. இவ்வரலாற்றுச் சூழலைக் கூறாமல் விடும் ஒப்பீடு, உரைமரபையும் உடன் விட்டுவிடுகிறது.

இதனினும் கருதத்தக்கது அதிகாரத்தின் பிற்பகுதி. மயிலிறகே ஆயினும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமையும், மரக்கிளையின் நுனியைக் கடந்து ஏற முயல்வோன் பற்றிய உவமையும் ஒப்பாய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. அவற்றையடுத்து வரும் நான்கு குறள்கள் ஈகையின் அளவையும் வரவு செலவையும் பற்றியவை. வருவாய் சிறிதாயினும் செலவு பெருகாவிடில் கேடில்லை என்பது அவற்றுள் ஒன்றன் கருத்து. வலி என்பது இறுதியில் பொருளின் அளவறிதலாக முடிகிறது. ஸ்வாட் ஒப்பீட்டிற்கு இப்பகுதி உதவாததால் அது பொதுவாகக் கண்டுகொள்ளப்படுவதில்லை. ஓர் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் நான்கை விட்டுவிட்டு அவ்வதிகாரத்தின் கோட்பாடு இதுவென நிறுவுவது முறையாகாது.

4. ஒப்பிடப்படும் கருவியின் நிலை

ஒப்பீட்டின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். உத்திசார் மேலாண்மை நிலைபேறடைந்த ஒற்றைக் கோட்பாடு அன்று. கடந்த அறுபது ஆண்டுகளில் அது தன்னைத்தானே பலமுறை மறுத்துக்கொண்டுள்ளது. ஆல்பிரட் சாண்ட்லர் 1962இல் அமெரிக்கப் பெருநிறுவனங்களின் வரலாற்றை ஆராய்ந்து, நிறுவன அமைப்பு உத்தியைப் பின்தொடர்கிறது என நிறுவினார். இகோர் ஆன்சாஃப் 1965இல் உத்தி வகுத்தலை முறைப்படுத்தப்பட்ட திட்டமிடலாக விளக்கினார். ஸ்வாட் இக்காலகட்டத்தின் சூழலில் உருவான கருவி. மைக்கேல் போர்ட்டர் 1980இல் தொழில்துறையின் போட்டிச் சக்திகளை முன்னிறுத்தினார். ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 1994இல் வெளியிட்ட நூலில், முறைசார் திட்டமிடல் உத்தியை உருவாக்காது. உத்தி பெரும்பாலும் செயற்பாட்டின் ஊடே கற்று உருவாவது என வாதிட்டார்.

ஸ்வாட் கருவியும் இக்கண்டனத்திற்குத் தப்பவில்லை. 1997இல் ஹில், வெஸ்ட்புரூக் ஆகியோர் பிரித்தானிய நிறுவனங்களில் அக்கருவி பயன்படும் முறையை ஆராய்ந்தனர். பொதுப்படையான நீண்ட பட்டியல்கள் தயாரிக்கப்பட்டன. அவை முன்னுரிமைப்படுத்தப்படவோ சரிபார்க்கப்படவோ இல்லை. பின்னர் உத்தி வகுப்பதற்கு எடுத்துக்கொள்ளப்படவும் இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. சந்தையிலிருந்து திரும்பப் பெறவேண்டிய பண்டம் அது என்னும் பொருளில் தம் கட்டுரைக்கு அவர்கள் தலைப்பிட்டனர்.

தன் துறையிலேயே இவ்வாறு ஐயுறப்பட்ட ஒரு கருவிக்கு வள்ளுவரை முன்னோடியாக்குவதால் குறளுக்கு என்ன பெருமை சேரும் என்பது கேட்கத்தக்க வினா. செயலைச் சுட்டாது வலியைப் பட்டியலிடுவது அக்கருவியின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. முன் பகுதியில் கண்டவாறு, குறள் அக்குறையிலிருந்து விலகி நிற்கிறது. ஸ்வாட்டைத் திருத்துவதற்குரிய கருத்தொன்று குறளில் இருக்க, ஒப்பாய்வுகள் அதை ஸ்வாட்டாகவே வாசித்து அக்கருத்தை இழந்துவிடுகின்றன.

5. நீர்நிலை வற்றும்போது: கோடாக்கும் ஃபியூஜிஃபிலிமும்

குறளின் உத்திச் சிந்தனை தொழில்நுட்ப மாற்றத்தை விளக்கவல்லதா என்பதை உண்மை நிகழ்வு ஒன்றை வைத்துக் காணலாம். கோடாக் நிறுவனத்தின் வீழ்ச்சி இவ்வகைக் கட்டுரைகளிலும் மேலாண்மை வகுப்புகளிலும் அடிக்கடி கூறப்படுவது. வெற்றிக் களிப்பில் கடமையை மறத்தலைக் கண்டிக்கும் பொச்சாவாமை (அதிகாரம் 54) அதற்குப் பொருத்திக் காட்டத் தக்கதாகத் தோன்றும். ஆனால் வரலாறு அவ்வளவு எளிமையாக இல்லை.

எண்மக் கேமராவை 1975இல் உருவாக்கியவர் கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவ் சாசன். அந்நிறுவனம் எண்மத் தொழில்நுட்பத்தில் பெரும் முதலீடு செய்தது. 2001இல் இணையவழி ஒளிப்படச் சேவை ஒன்றை விலைக்கு வாங்கியது. 2005இல் அமெரிக்க எண்மக் கேமரா விற்பனையில் முதலிடம் பெற்றது. ஆயினும் 2012 சனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. கோடாக் உறங்கவில்லை. அதன் ஆதாயம் கேமராவிலிருந்து வந்ததன்று. ஒவ்வொரு படத்திற்கும் மீண்டும் மீண்டும் வாங்கப்பட்ட ஃபிலிம், தாள், வேதிப்பொருள் ஆகியவற்றிலிருந்து வந்தது. எண்மக் கேமராவில் அவ்வாறு மீள வாங்கவேண்டியது எதுவும் இல்லை. பின்னர்த் திறன்பேசி வந்தபோது கேமராவே தனிப்பொருளாக வாங்கப்படுவது அருகியது. அந்நிறுவனத்தின் வலியெல்லாம் எந்தச் செயலை நோக்கி வலியாக இருந்ததோ, அந்தச் செயலே மக்கள் வாழ்விலிருந்து மறைந்தது.

இடனறிதல், காலமறிதல் அதிகாரங்களின் உவமைகளை இதனோடு ஒப்பிட வேண்டும். பகலில் காக்கை தன்னினும் வலிய கூகையை வெல்கிறது. முதலை ஆழ்நீரில் பிறவற்றை வெல்லும். நீரை நீங்கின் பிறவற்றிடம் தோற்கும். தேர் கடலில் ஓடாது. கலம் நிலத்தில் ஓடாது. வலி என்பது இடத்தையும் காலத்தையும் சார்ந்தது என்னும் ஆழ்ந்த கருத்தை இவை உணர்த்துகின்றன. எனினும், இவ்வுவமைகள் அனைத்திலும் இடமும் காலமும் நிலையானவை. பகலுக்குப் பின் இரவு வரும். கூகையின் வலி மீளும். முதலை ஒதுங்கினாலும் ஆறு அங்கேயே இருக்கும். கொக்கு காத்திருப்பது மீன் வரும் என்பதனால். தொழில்நுட்ப மாற்றத்திலோ இரவு திரும்புவதில்லை, நீர்நிலையே வற்றிவிடுகிறது. காத்திருத்தல் அறிவுடைமையாவதும் அழிவாவதும் இவ்வேறுபாட்டைப் பொறுத்தவை. இயற்கையின் சுழற்சியைக் கண்ட வேளாண் சமூகத்தின் காலக்கருத்து இது. இது குறளின் குறையன்று, வரலாற்று எல்லை. இதனைச் சுட்டாத ஒப்பாய்வு வாசகரைத் தவறான இடத்திற்கு இட்டுச்செல்லும்.

இதே மாற்றத்தை எதிர்கொண்ட சப்பானிய நிறுவனமான ஃபியூஜிஃபிலிமின் வரலாறு குறளுக்கு ஒரு வகையில் துணைநிற்கிறது. ஷிகெதாகா கொமோரியின் தலைமையில் அந்நிறுவனம் தன் வலி எதுவென மீண்டும் ஆராய்ந்தது. ஃபிலிம் தயாரிப்பில் பெற்ற மென்படலப் பூச்சு நுட்பம் நீர்மப் படிகத் திரைகளுக்கான படலமாயிற்று. புரதக்கூழ், நிறம் மங்காமற் காக்கும் வேதியியல் ஆகியவை பற்றிய அறிவு 2007இல் தோல்நல ஒப்பனைப் பொருள்களாயிற்று. முதலை கரையேற முயலவில்லை. தனக்கேற்ற வேறு நீரைத் தேடிச் சென்றது. இடனறிதல் இங்கு விளக்கம் தருகிறது. இதற்கு மாறாக, கோடாக் 1994இல் தன் வேதிப்பொருள் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மருந்து நிறுவனத்தையும் அவ்வாண்டில் விற்றது. வேறு நீருக்குச் செல்லும் வழிகள் சில அதனால் அடைபட்டன.

டோரதி லியனார்டு-பார்ட்டன் 1992இல், ஒரு நிறுவனத்தின் மையத் திறனே மாற்றக் காலத்தில் அதன் மைய இறுக்கமாகிவிடும் என்று காட்டினார். டீஸ், பிசானோ, ஷூவன் ஆகியோர் 1997இல், திறன்களை மாற்றியமைக்கும் திறனே நிலைத்த வலி என்னும் இயங்குநிலைத் திறன் கோட்பாட்டை முன்வைத்தனர். இக்கோட்பாட்டிற்கு இணையானதைக் குறளில் தேடுவோர் வலியறிதலில் தேடுவது பயனற்றது. அதே அரசியற் பகுதியில் முன்னதாக வைக்கப்பட்ட கல்வி, கேள்வி, அறிவுடைமை (அதிகாரங்கள் 40, 42, 43) அதற்கு நெருக்கமானவை. மணற்கேணியைத் தோண்டத் தோண்ட நீர் ஊறுவதுபோல் கற்குந்தோறும் அறிவு பெருகும் என்பது, வலியை நிலையான இருப்பாகக் கருதாமல் முயற்சியால் வளர்வதாகக் காண்பது. வருவதை முன்னரே அறிந்து காத்தலை அறிவின் இலக்கணமாக 43ஆம் அதிகாரம் கூறுகிறது. வேந்தனின் கல்வியை உத்தியின் முதற்படியாக வைத்த இவ்வமைப்பு, மேலாண்மை ஒப்பாய்வுகளில் பெரிதும் கவனம் பெறவில்லை.

6. அச்சமும் செய்தியும்: நோக்கியா

2007ஆம் ஆண்டின் இறுதியில் உலகக் கைப்பேசி விற்பனையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை நோக்கியா கொண்டிருந்தது. 2013 செப்டம்பரில் தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டிற்கு விற்பதாக அறிவித்தது. ஐஃபோனின் வருகையை அந்நிறுவனம் அறியாமல் இல்லை. அதன் வலிமையும் அச்சுறுத்தலும் அட்டவணைகளில் இடம்பெறாமலும் இருந்திருக்க முடியாது. பின் ஏன் அறிவு செயலாகவில்லை?

டிமோ வுவோரி, குய் ஹுய் ஆகியோர் நோக்கியாவோடு தொடர்புடைய 76 பேரை நேர்கண்டு 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கொரு விடை தருகிறது. இடைநிலை மேலாளர்கள் மேலதிகாரிகளின் சினத்திற்கும் பதவியிழப்பிற்கும் அஞ்சினர். சிம்பியன் இயங்குதளத்தின் குறைபாடுகளையும் காலத்தாழ்வையும் உள்ளவாறு மேலே உரைக்கவில்லை. உயர்தலைமை போட்டி நிறுவனங்களுக்கும் முதலீட்டாளருக்கும் அஞ்சியது; இயலாத விரைவை வேண்டிக் கீழோரை நெருக்கியது. இரு அச்சங்களும் ஒன்றையொன்று வளர்த்தன. செய்தி திரிந்தது, உத்தி திரிந்த செய்தியின் மேல் கட்டப்பட்டது.

இங்குக் குறள் நேரடியாகப் பேசுகிறது. ஆனால் ஒப்பாய்வாளர்கள் வழக்கமாக நாடும் அதிகாரங்களில் அன்று. பெரியாரைத் துணைக்கோடல் (அதிகாரம் 45), கடிந்துரைப்போரைத் தன்பால் கொள்ளாத மன்னன் பகைவர் இன்றியும் கெடுவான் என்கிறது. வெருவந்த செய்யாமை (அதிகாரம் 57), எளிதில் காண இயலாதவனாகவும் கடுமுகம் உடையவனாகவும் இருக்கும் தலைவனைக் கண்டிக்கிறது. உடனிருப்போரைக் கலந்து எண்ணாமல் பின்னர்ச் சினந்து சீறுவோனின் செல்வம் சுருங்கும் என எச்சரிக்கிறது. ஒற்றாடல் (அதிகாரம் 59), ஒருவர் கொணர்ந்த செய்தியைப் பிறிதொருவரால் ஒத்துப் பார்க்கச் சொல்கிறது. தலைவனின் கடுமையை அறக்கேடாக மட்டும் கொள்ளாமல் ஆட்சியையே அழிக்கும் காரணமாகவும் காண்பது குறளின் பார்வை. நிறுவன அச்சம் பற்றிய இன்றைய ஆய்வோடு இது உண்மையாகவே உரையாடவல்லது.

இவ்விடத்திலும் எல்லை உண்டு. குறள் வேந்தனுக்கு அஞ்சாமையை இலக்கணமாக விதிக்கிறது. அஞ்சும் வேந்தன் அதன் மையக் கவலை அன்று. பங்குச்சந்தைக்கு அஞ்சி, அவ்வச்சத்தைக் கீழே கடத்தும் தலைமை நவீன நிறுவனத்திற்கே உரியது. தலைவனுக்கும் மேலே ஆளில்லாத ஓர் ஆதிக்கம் இருக்கும் நிலையை முடியாட்சிச் சிந்தனையால் முழுதும் விளக்க இயலாது.

7. யாருடைய உத்தி?

நோக்கியாவின் வரலாறு தமிழகத்தைத் தொட்டுச் செல்கிறது. திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய அதன் ஆலை ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 8,000 நேரடித் தொழிலாளரைக் கொண்டிருந்தது. அவர்களுள் பெரும்பகுதியினர் சுற்று மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 2013இல் எழுந்த வரிப் பிணக்கில் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் நிறைவுற்ற மைக்ரோசாஃப்ட் விற்பனையில் அவ்வாலை சேர்க்கப்படவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதை ஏற்றோரில் பலர் இருபதுகளில் இருந்தவர்கள். 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது.

உத்தியின் பிழை பின்லாந்தில் நிகழ்ந்தது. வரிப் பிணக்கு அரசுக்கும் நிறுவனத்திற்கும் இடையில் நிகழ்ந்தது. விளைவை ஏற்றோர் இவ்விரண்டிலும் பங்கு பெறாதவர்கள். கோடாக்கின் வரலாற்றிலும் இதுவே உண்மை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மட்டும் ஏறத்தாழ 60,000 பேர் அந்நிறுவனத்தில் பணியாற்றினர். அந்நகரின் வாழ்வே அதைச் சார்ந்திருந்தது. மாற்றத்தை வென்றதாகப் போற்றப்படும் ஃபியூஜிஃபிலிமும் ஆயிரக்கணக்கான பணியிடங்களைக் குறைத்தே வென்றது. தொழில்நுட்ப மாற்றம் ஒரு சமூக மாற்றமும் ஆவது இவ்வாறுதான்.

எட்வர்ட் ஃபிரீமன் 1984இல் பங்குதாரர் மட்டுமன்றி, பணியாளர், வாடிக்கையாளர், ஊரார் முதலிய தொடர்புடையோர் அனைவரையும் உத்தியின் கணக்கில் கொள்ள வேண்டும் என வாதிட்டார். குறள் இதனைத் தன் வழியில் வற்புறுத்துகிறது. வலியறிதல் இடம்பெறும் அதே அரசியற் பகுதியில் செங்கோன்மை, கொடுங்கோன்மை, கண்ணோட்டம் (அதிகாரங்கள் 55, 56, 58) ஆகியவை உள்ளன. குடிகளின் கண்ணீரை ஆட்சியின் செல்வத்தைத் தேய்க்கும் படையாகக் காணும் நூல் அது. 47 முதல் 52 வரையிலான அதிகாரங்களை எடுத்துக்கொண்டு இவற்றை அறக்கருத்து என ஒதுக்கும் ஒப்பாய்வு, வேந்தனின் கருவிகளை மட்டும் நிறுவனத் தலைவருக்கு வழங்குகிறது. வேந்தனின் பொறுப்புகளை வழங்காமல் விட்டுவிடுகிறது. குடிகளுக்கு இணையானோர் தொழிலாளர்களா, வாடிக்கையாளர்களா, ஆலை அமைந்த ஊராரா என்பதை ஆய்வாளர் தெளிவுபடுத்த வேண்டும். அரசனை மாற்றீடு செய்யும் உரிமையை எடுத்துக்கொள்வோர்க்கு, குடிகளை அடையாளம் காட்டும் கடமையும் உண்டு.

8. ஒப்பாய்வுக்குரிய வரையறைகள்

பழைய நூலை இன்றைய சூழலில் வைத்துப் படிப்பது தவறாகாது என்று ஒருவர் மறுக்கலாம். அது உண்மையே. உரையாசிரியர்கள் ஒவ்வொருவரும் தத்தம் காலத்தின் கண்கொண்டே குறளைப் படித்தனர். ஆனால் அவர்கள் சொற்பொருளை நிறுவினர். பிறர் கொண்ட உரையை மறுத்தனர். தம் கோளுக்குக் காரணம் காட்டினர். அம்மரபின் ஒழுங்கை ஒப்பாய்வுகளும் கைக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு வேண்டப்படுவது. அதற்கு நான்கு வரையறைகளை முன்மொழியலாம்.

முதலாவது, அதிகாரம் முழுவதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். பின்பற்றும் உரை எதுவெனக் குறிக்கப்பட வேண்டும். குறள்களின் வைப்புமுறையிலும் இயற்பகுப்பிலும் உரையாசிரியர்கள் வேறுபடுவதால், அரசியல் 25 அதிகாரங்களைத் தொடர்ச்சியாகக் கொள்ளும் வாதம் பரிமேலழகர் வகுத்த முறையைச் சார்ந்தது என்பதையும் கூற வேண்டும். இக்கட்டுரைக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, ஒப்பிடப்படும் மேலாண்மைக் கோட்பாட்டின் காலமும், அதன்மேல் எழுந்த மறுப்புகளும் சுட்டப்பட வேண்டும். மேலாண்மையியல் கூறுகிறது என்னும் பொதுத்தொடர் எந்த அறிஞரையும் எந்த ஆண்டையும் குறிப்பதில்லை.

மூன்றாவது, பொருந்தாத கூறுகள் பொருந்துவனவற்றோடு ஒப்ப எழுதப்பட வேண்டும். இடனறிதல் ஃபியூஜிஃபிலிமின் முடிவை விளக்குகிறது என்பதோடு, மீளாத மாற்றத்தைக் குறளின் காலக்கருத்து உள்ளடக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கூறும்போதே முதற்கூற்று மதிப்புப் பெறும்.

நான்காவது, ஒப்பீடு ஓர் உண்மை நிகழ்வில் சோதிக்கப்பட வேண்டும். அந்நிகழ்வில் முடிவெடுத்தோர் யார், விளைவை ஏற்றோர் யார் என்பது கூறப்பட வேண்டும். நிகழ்வின்றி நிகழும் ஒப்பீடு சொல்லளவிலேயே நின்றுவிடும்.

9. முடிவுரை

வலியறிதலை ஸ்வாட்டின் முன்னோடியாகக் காட்டும் ஒப்பீடு நான்கு என்னும் எண்ணிக்கையில் தொடங்கி அதனோடு முடிகிறது. செயலை நோக்கியே வலியை அளக்கும் குறளின் கருத்து அதில் இழக்கப்படுகிறது. கோடாக், ஃபியூஜிஃபிலிம் வரலாறுகள் இடனறிதலின் பயனையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுகின்றன. நோக்கியாவின் வரலாறு, உத்தி பற்றிய குறளின் வலுவான சிந்தனை வெருவந்த செய்யாமை, பெரியாரைத் துணைக்கோடல் போன்ற, பெரிதும் எடுத்தாளப்படாத அதிகாரங்களில் உள்ளதைக் காட்டுகிறது. கற்றல், கடிந்துரை கேட்டல், ஆராய்ந்து துணிதல், மறவாமை, முறை செய்தல், செய்தியைச் சரிபார்த்தல், முயலுதல் என்னும் வரிசையில் அரசியல் அதிகாரங்களை ஒரே கோட்பாடாகப் படித்து, அதனை இயங்குநிலைத் திறன் கோட்பாட்டோடும் தொடர்புடையோர் கோட்பாட்டோடும் வைத்து ஆராய்வது மேற்கொள்ளத்தக்க பணி. தமிழ்நாட்டுத் தொழிற்பகுதிகளில் ஆலைகள் திறப்பதும் மூடுவதும் தொடர்ந்து நிகழ்கின்றன. அவ்வரலாறுகளைத் திரட்டி, தொழிலாளர் கூற்றுகளையும் சேர்த்து, குறளின் அரசியலோடு ஒப்பிடும் ஆய்வுகள் எழுமாயின், தமிழாய்வும் மேலாண்மையியலும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்பதற்கு உண்மையான பொருள் கிடைக்கும்.